கூட்டத்தின் நடுவே நின்றவர்

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். நவம்பர் கடைசியில், மழை விட்டும் விடாமலும் இருக்கிற சாயங்காலங்களில், ஆலயத்தை ஒட்டிய ஹாலில் கொயர் பிராக்டிஸ் தொடங்குகிறது. ஆல்ட்டோ பாடும் பெண்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் டிரம்ஸை வெளியே எடுத்துத் தூசி தட்டி, தோல் தளர்ந்திருக்கிறதா என்று இரண்டு அடி அடித்துப் பார்க்கிறார்கள். டிசம்பர் பிறந்து வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறுவதற்குள் தெரு பாதி இரைந்தாயிற்று. நற்செய்திக் கூட்டத்துக்கு ஆட்டோவில் விளம்பரம், ஜவுளிக்கடையின் பண்டிகைத் தள்ளுபடி, நடுமாதத்தில் மார்கழி பிறந்ததும் ராஜகோபாலசுவாமி கோயிலில் விடியற்காலைப் பாசுரம், அதை ஒட்டியே பள்ளிவாசலின் பாங்கு.

சபையின் நாட்காட்டி வேறு மாதிரிச் சொல்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நான்கு ஞாயிறுகளும் காத்திருப்பின் காலம். பீடத்தில் ஊதா நிறத் துணி. விழித்திருக்கச் சொல்லும் வேதபாடங்கள். உள்ளே காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வெளியே அதே சபையின் பிள்ளைகள் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்களில் ஜெபிக்க உட்கார்ந்தால் நமக்கு முன்னால் சத்தம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை விரட்டப் பார்க்காமல், அதையே தியானத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தக் குறிப்புகளைத் தொடங்கினேன்.

*

அமைதியான இரவைப் பாடும் அந்த ஜெர்மன் பாட்டு, உலகத்தில் தெரியாதவர் இல்லை. 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரில் அதை முதல் தரம் பாடினார்கள். வார்த்தைகள் ஜோசப் மோர் என்ற இளம் குருவானவருடையவை. மெட்டுப் போட்டவர் ஃபிரான்ஸ் க்ரூபர், பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான். பாட்டின் வார்த்தைகள் 1816-லேயே எழுதியாகிவிட்டன. நெப்போலியன் போர்கள் ஓய்ந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து படுத்த ஜனங்கள் கேட்ட அமைதி அது. அந்த மெட்டில் இனிமையோடு ஓர் ஏக்கமும் கலந்திருப்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

*

லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தை இந்த வருஷம் காதை வைத்துப் படித்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அதை ஒரு படமாகத்தான் பார்த்து வந்திருக்கிறேன்: நீல வானம், ஒரு நட்சத்திரம், மண்டியிட்ட தாய். காதை வைத்துப் படித்தால் அந்த அதிகாரம் முழுக்க இரைச்சல்.

குடிமதிப்புக்காக ஊர் திரும்பினவர்களால் பெத்லகேம் நிரம்பியிருக்கிறது. சத்திரத்தில் இடமில்லை. இடமில்லாத சத்திரம் எப்படி இருக்கும் என்பது, பண்டிகைக்கு முந்தின ராத்திரி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளையும் பெட்டியுமாக நின்றவர்களுக்குத் தெரியும். அதற்குள் ஒரு பிரசவம். குழந்தை அழவே இல்லை என்று சொல்லும் பாட்டுகள் உண்டு. லூக்கா அப்படி எதுவும் எழுதவில்லை. குழந்தை இயேசு அழுதிருப்பார். நம்மைப்போலப் பிறந்தார் என்று நாம் விசுவாசிக்கிறோம் என்றால், அந்த அழுகையையும் சேர்த்துத்தான் விசுவாசிக்கிறோம். வயல்வெளியிலோ ஒரு தூதன் வந்ததோடு முடியவில்லை, சேனையே இறங்கிவிடுகிறது. மேய்ப்பர்கள் அந்த ராத்திரியிலேயே ஓடி வருகிறார்கள், கண்டதையெல்லாம் ஊருக்குச் சொல்கிறார்கள், திரும்பிப் போகும்போதும் சத்தமாகத் துதித்துக்கொண்டு போகிறார்கள்.

அத்தனை சத்தத்துக்கு நடுவே மரியாள் பேசாமல் இருக்கிறாள். பிள்ளை பெற்ற களைப்பில், முன்பின் தெரியாத ஆம்பிள்ளைகள் ஆட்டு வாடையோடு வந்து நிற்கிறார்கள். அவள் அவர்களைப் போகச் சொன்னதாக இல்லை, மெதுவாகப் பேசச் சொன்னதாகவும் இல்லை. அவர்கள் சொன்னதை எல்லாம் மனதில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் லூக்கா எழுதுகிறார். இந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அவள் மனதில் வைத்துக்கொண்டது என்ன? மேய்ப்பர்கள் போட்ட சத்தத்தைத்தான். அவர்கள் வாயை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால், வானத்தில் என்ன நடந்தது என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்காது. அவளுடைய தியானத்துக்கான பொருளைக் கொண்டுவந்து கொடுத்ததே அந்த இரைச்சல்தான்.

அசிசி பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில், நிஜமான மாட்டையும் கழுதையையும் கட்டி, வைக்கோல் பரப்பி ஒரு குடில் அமைத்தார். நாம் இன்று குடில் வைப்பதற்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. அன்றைக்கும் ஊரார் தீப்பந்தமும் மெழுகுவத்தியும் ஏந்தி வந்தார்கள். காடே எதிரொலிக்கும்படி பாடினார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதினவர் குறித்து வைத்திருக்கிறார்.

*

வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸின் சத்தத்தைப் பற்றி முகம் சுளிக்கிறவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. படித்தவர்கள், வீட்டுக்குள் மெல்லிய வால்யூமில் மேற்கத்திய இசை கேட்கிறவர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த டிரம்ஸுக்கு ஒரு ஞாபகம் உண்டு என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் தாய்வழி முன்னோர் தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அங்கே யார் குடை பிடிக்கலாம், யார் செருப்புப் போடலாம், எந்த வீட்டுப் பெண் தோளை மூடலாம் என்பதை எல்லாம் சாதி தீர்மானித்தது. மேலாடைக்கான போராட்டம் பல பத்தாண்டுகள் இழுத்து, அடிதடியும் தீவைப்பும் ஆகி, 1859-ல்தான் அரசு இறங்கி வந்தது. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த அதே பாதைகளில், ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நடுத்தெருவில் கொட்டு அடித்துப் பாடிக்கொண்டு போகிறார்கள். ராஜா பிறந்திருக்கிறார், அவர் எங்களுக்குப் பிறந்திருக்கிறார் என்று சொல்ல அவர்களுக்குத் தொண்டை மட்டும் போதவில்லை.

திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதை நன்றாகத் தெரிந்தவர். குறவஞ்சியும் கும்மியும் தெருவில் கைதட்டி ஆடுகிறவர்களின் வடிவங்கள். அவர் பெத்லகேமையே குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார். சபை அவர் பாட்டுகளை இன்னமும் தாளத்தோடு பாடுகிறது. கடைசிச் சங்கீதம் எக்காளத்தையும் மேளத்தையும் கைத்தாளத்தையும் பெயர் சொல்லி அழைக்கிறது. தேவாலயத்தில் பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பொறுக்காமல் பெரியவர்கள் கோபப்பட்டபோது, ஆண்டவர் பிள்ளைகள் பக்கம் நின்றார்.

ஆகவே சத்தத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அதற்குள் நாம் எதைக் கேட்காமல் போகிறோம் என்பதுதான் என் கவலை.

*

மாற்கு பத்தாம் அதிகாரம். இயேசு எரிகோவை விட்டுப் புறப்படுகிறார். பஸ்காப் பண்டிகைக்காக யெரூசலேமுக்கு ஏறிப் போகிற காலம் அது. அவர் பின்னால் போகும் கூட்டம் பண்டிகைக் கூட்டம். யாத்திரைச் சங்கீதங்கள் பாடிக்கொண்டும், பேசிச் சிரித்துக்கொண்டும் போயிருப்பார்கள். வழியோரத்தில் பர்திமேயு. அவனுக்குக் கண் இல்லை, காதுதான் எல்லாம். கூட்டத்தின் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறான்.

கூட்டம் அவனைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டுகிறது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவ்வளவு இரைச்சலோடு போகிறவர்களுக்கு இந்த ஒருவனுடைய சத்தம் மட்டும் இடைஞ்சலாக இருக்கிறது. கெட்டவர்களும் அல்ல அவர்கள். பண்டிகைக்குப் போகிறவர்கள், இயேசுவை நேசிக்கிறவர்கள், அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நினைக்கிறவர்கள். அடுத்து யெரூசலேம் வாசலில் ஓசன்னா பாடப்போகிறவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அடுத்து மாற்கு எழுதுவது மிகச் சின்ன விஷயம். இயேசு நின்றார். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நின்றாக வேண்டும். இன்னொருத்தர் முதுகில் மோதிக்கொண்டு, ஏன் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டு, வரிசையாகச் சத்தம் அடங்கியிருக்கும். அவர் கூட்டத்தைத் திட்டவில்லை. அதட்டினவர்களிடமே அவனைக் கூப்பிடச் சொல்கிறார். அதட்டிய வாய்களே இப்போது தைரியம் சொல்லி அவனைக் கூட்டி வருகின்றன. பிறகு அவனிடம் ஒரு கேள்வி: உனக்கு என்ன வேண்டும்? குருடனுக்கு என்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. இருந்தும் கேட்கிறார். அவன் வாயால் சொல்ல இடம் கொடுக்கிறார்.

இந்த ஊரில் 1890-ல் மிஸ் ஆஸ்க்வித் என்ற மிஷனெரி அம்மா பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது இன்னும் நடக்கிறது. பண்டிகைக் கூட்டம் போகிற வழியில் ஒருவர் நின்றதால் வந்த பள்ளிக்கூடம் அது என்று, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

*

ரவுண்ட்ஸ் போகிற வண்டி, குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. பின்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஜெனரேட்டர், நடுவில் கீபோர்டை மழைக்கு பாலித்தீன் ஷீட் போட்டு மூடியிருக்கும். டிரம்ஸ் அடிக்கிறவர்கள் கீழே நடந்து வருவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் ஒல்லியான ஒரு பையனுக்குத்தான் எப்போதும் விழும். வயிற்றுக்குத் தலையணை கட்டி, முகமூடிக்குள் வேர்த்து ஒழுக ஆடிக்கொண்டு வருவான். சின்னப் பிள்ளைகளுக்கு அவன் கையால் மிட்டாய். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், காணிக்கைக் கவர். சில வீடுகளில் சுக்குக்காப்பி, முறுக்கு. தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் வீட்டு லிஸ்ட் எழுதின நோட்டு. அந்த நோட்டில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. தெரு முழுக்க வெளிச்சமாக இருக்கும்போது அந்த ஒரு வாசல் மட்டும் சாதாரண பல்போடு இருக்கும். வண்டி தெரு முக்கு திரும்புமுன்னேயே வாத்தியார் கையைத் தூக்குவார். ஜெனரேட்டர் நிற்கும். டிரம்ஸைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு எல்லாரும் நடந்து போவார்கள்.

ஒரு ராத்திரி அப்படி ஒரு வாசலில் நின்றோம். ஆடி மாதம் வீட்டுக்காரர் தவறிப்போயிருந்தார். கொயரில் பேஸ் பாடினவர், எல்லாருக்கும் தெரிந்தவர். தாத்தா வேஷக்காரப் பையன் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நெற்றியில் ரப்பர் நாடா பதிந்த கோடு சிவப்பாகத் தெரிந்தது. வாத்தியமில்லாமல் மெதுவாக ஒரு பழைய கீர்த்தனை பாடினோம். அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்து வாத்தியார் ஜெபிக்கத் தொடங்குமுன், "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"சொல்லும்மா."

"அவுக துள்ளித் துள்ளிப் பாடுவாகளே, அந்தப் பாட்டப் பாடுங்க. கொட்டு அடிச்சுப் பாடுங்க. அஞ்சு மாசமா எல்லாரும் இந்த வீட்டுல மெதுவாத்தான் பேசுதாக."

வாத்தியார் பையன்களைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் வண்டிக்கு ஓடினார்கள். அன்று அடித்த அடி அந்த வருஷம் வேறு எந்த வீட்டிலும் அடிக்கவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே கைதட்டினார். அவருடைய மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துக்கத்துக்கு அமைதிதான் பிடிக்கும் என்று நாங்கள் எல்லாரும் வைத்திருந்தோம். அவரிடம் கேட்டதில்லை. எரிகோ வழியில் ஆண்டவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது எனக்கு விளங்கியது அந்த வாசலில்தான். நிறுத்துவது பாதி. நின்று, கேட்பது மீதி. வண்டியை நிறுத்தாமல் போயிருந்தால் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டே இருக்காது. நிறுத்திவிட்டு, நாங்களாக முடிவு செய்ததை மட்டும் பாடிவிட்டுப் போயிருந்தாலும் கேட்டிருக்காது.

*

சத்தம் ஆறுதலானதைச் சொன்னதால், அது தொந்தரவாவதையும் சொல்ல வேண்டும்.

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை போன்ற நாட்களுக்கு அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மேல் போகக்கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பட்டாசு வெடிக்க இரவு 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் குறித்தது. முப்பத்தைந்து நிமிஷம்.

நம் மதத்தில் கைவைக்கிறார்கள் என்று அப்போது சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, மூச்சு இழுக்கிற கிழவர், வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிற நாய், இவர்களை எல்லாம் அன்பு தானாகவே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். நாம் எடுக்காததைச் சட்டம் எடுத்திருக்கிறது. அன்பில்லாத வாய் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது வெறும் வெண்கலமும் கைத்தாளமும்தான் என்று கொரிந்தியருக்கு எழுதினார் பவுல். அவருக்கும் முன்னே, ஏழையைக் கசக்கிப் பிழிந்துவிட்டுப் பண்டிகை கொண்டாடினவர்களிடம், உங்கள் பாட்டின் இரைச்சலை என் முன்னாலிருந்து அகற்றுங்கள் என்ற பொருளில் ஆமோஸ் வழியாகக் கடவுளே சொல்லியிருக்கிறார். தேவனுக்குப் பாட்டு பிடிக்காத நேரம் ஒன்று உண்டு என்று வேதம் சொல்வது கொயரில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் பயத்தைத் தர வேண்டும். எனக்குத் தருகிறது.

எங்கள் வண்டி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிப் போகும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். உள்ளே வார்டுகளில் ஜன்னலோரம் படுத்திருக்கிறவர்களுக்கு அந்த மதில் நீளத்துக்கு ஒரு ஜெபம். ஓட்டுநர் சபைக்காரர் அல்ல, பக்கத்துத் தெருக்காரர். நெற்றியில் திருநீறோடு வருகிறவர். முதலில் ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னது அவர்தான்.

*

டிசம்பர் 25, விடியுமுன் ஆராதனை. 1826-ல் கட்டின ஆலயத்தின் ஊசிக்கோபுரத்து மணி அடிக்கிறது. புதுச்சேலையின் கஞ்சி வாடை, தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும் குழந்தைகள், பூட்டுப் போட்டது போல அடைபட்ட தொண்டையோடு பாடுகிற பையன்கள். பதினைந்து ராத்திரி தெருவில் கத்தினதில் பாதிப் பேருக்குக் குரலே இல்லை. அந்த உடைந்த குரலில் பாடினது எனக்கு எந்த நல்ல குரலையும்விடப் பிடித்தது.

*

டிசம்பர் 28. திருச்சபை இந்த நாளில் ஏரோது கொன்ற பெத்லகேம் பாலகரை நினைக்கிறது. பிறப்புப் பண்டிகையின் பலகார வாசனை போகுமுன்னே இந்த நாள் வந்துவிடுகிறது. மத்தேயு இந்த இடத்தில் பழைய தீர்க்கதரிசியின் வார்த்தையை எடுத்து, ராமாவில் கேட்ட புலம்பலையும் ஆறுதல் பெற மறுத்த ராகேலையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். கிறிஸ்துமஸின் சத்தங்களில் இதுவும் ஒன்று. தூதர் பாட்டை வாசிக்கிறவர்கள் இதையும் வாசிக்க வேண்டும் என்று நாட்காட்டியைச் செய்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கடற்கரை நெடுக, முந்தின நாள் வெடித்த பட்டாசுக் காகிதம் மணலில் கிடக்கக் கிடக்கக் கடல் சுனாமியாக ஏறியது. வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்த யாத்திரிகர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அந்த வாரம் குமரி மாவட்டத்து உறவினர் வீடுகளுக்குப் போனபோது, நட்சத்திரங்கள் கட்டினபடியே தொங்கின. அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை.

அந்த அலையில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்குச் சொல்லத் தக்க விளக்கம் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ராகேலுக்கு மத்தேயுவும் விளக்கம் சொல்லவில்லை. அவள் அழுகையை அடக்கச் சொல்லவும் இல்லை. நற்செய்தி நூலுக்குள், அதுவும் பிறப்பின் கதைக்குள்ளேயே, அவள் முழுக் குரலில் அழ ஓர் இடம் கொடுத்திருக்கிறார். தப்பித்து எகிப்துக்குப் போன பிள்ளை, வளர்ந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலுவையில் உரக்கக் கூப்பிட்டார். அந்தக் கூப்பிடுதலுக்கு அப்போது பதில் வரவில்லை. ராகேலோடு சேர்ந்து அழுதவர் அவர் என்று மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் 26-ம் தேதி கடற்கரைக் கல்லறைகளுக்கு ஜனங்கள் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துப் போகிறார்கள். பண்டிகையை விட்டுவிட்டுப் போகவில்லை. பண்டிகையோடு போகிறார்கள்.

*

டிசம்பர் 31 வாட்ச் நைட் ஆராதனை. பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எல்லாரும் முழங்காலிடுகிறோம். குருவானவர் எதுவும் சொல்வதில்லை. வெளியே பொறுமையில்லாதவர்கள் முன்கூட்டியே வெடிக்கிறார்கள். ஜன்னலில் வெளிச்சம் அடிக்கிறது. போன வருஷம் முழுக்க நான் கேட்காமல் போன குரல்கள் ஒவ்வொன்றாக அந்த முழங்காலில் வந்தன. பெயர்களை இங்கே எழுதவில்லை. ஜனவரியில் யார் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மணி அடித்ததும் கைகுலுக்கல், வாழ்த்து, வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கத் தள்ளுமுள்ளு.

*

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் காது கேளாத ஒருவனைக் கொண்டு வருகிறார்கள். இயேசு அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். பர்திமேயுவுக்காகக் கூட்டத்தையே நிறுத்தினவர், இவனை மட்டும் தள்ளி ஏன் கூட்டிப் போக வேண்டும்? என் யூகத்தை எழுதிவைக்கிறேன். வாழ்நாளில் எதையும் கேட்டிராத காது. திறந்த நொடியில் அதற்குள் ஒரு கூட்டத்தின் கூச்சல் பாய்ந்தால் அந்த மனுஷன் என்ன ஆவான்? முதலில் கேட்பது ஒரே ஒரு குரலாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அவர் எல்லாருக்கும் ஒரே வழியை வைத்திருக்கவில்லை. ஒருவனுக்குச் சத்தத்தை நிறுத்தினார், ஒருவனைச் சத்தத்திலிருந்து வெளியே எடுத்தார்.

இதே ஊரில், 19-ம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், மிஸ் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ரவுண்ட்ஸ் வண்டி நிற்கும்போது, காது கேளாத ஒரு பையன் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டியதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். டிரம்ஸ்காரப் பையன் அதைக் கவனித்து, அவனைக் கிட்டே கூப்பிட்டு, தோல்மேல் கையை வைக்கச் சொல்லி மெதுவாக அடித்துக் காட்டினான்.

புத்தாண்டு அன்று எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உறவு முழுக்கக் கூடும். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், தட்டு விழுந்தால், மிக்ஸி ஓடினால் அது எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிதாக்கித் தலைக்குள் அடிக்கிறது என்பார். அதனால் விருந்து நாளில் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டுத்தான் சிரிக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் அக்கா மகள் அதைக் கவனித்துவிட்டாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பெரியம்மாவைக் கைபிடித்து எழுப்பி, பின்கட்டில் துணி துவைக்கிற கல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டாள். ஒவ்வொருத்தர் சங்கதியாகச் சொன்னாள். யாருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, யார் வேலை மாறியிருக்கிறான், யாருக்கு எத்தனையாம் மாதம். நான் கைகழுவப் போனவள் வாசல்படியில் நின்றுவிட்டேன்.

"எல்லாம் சரிட்டீ," என்றார் பெரியம்மா, தெருவுக்குக் கேட்கிற குரலில். "நேத்து ராத்திரி கோயில்ல ஐயர் எந்த வசனத்தச் சொன்னாரு? அத ஒருத்தியும் எனக்குச் சொல்லலியே!"

அக்கா மகள் பையிலிருந்து வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அவர் காதருகே குனிந்து வாசிக்க ஆரம்பித்தாள்.